கசர்

காரைக்குடியில் எனக்கு இரண்டு நாற்காலி.
ஒன்று செக்காலை ரோட்டில், ரத்தப் பரிசோதனை நிலையத்து மாடியில்;
எதிரில் டிஷ்யூ டப்பா, சுவரில் ஓசையில்லாத கடிகாரம்.
மற்றது வயிரவன் அரிசிமண்டியில்
மாதம் ஐந்தாம் தேதி மட்டும்
சிப்பத்துக்கும் தராசுக்கும் நடுவே போடுகிற பிளாஸ்டிக் நாற்காலி.

இருபது பேர், தலைக்குப் பத்தாயிரம்,
இரண்டு லட்சம் ஏலச்சீட்டு.
நான் சேர்ந்தபோது அடைக்கலத்தைத் தெரியாது.
நாலாவது சீட்டுக்கு அப்புறம்தான் மாடியேறி வந்தான்.
"நம்ம சீட்டு மேடம்தானே" என்று சிரித்தான்.
அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.
நானும் சிரித்தேன்.

திருச்சியில் படிக்கையில் எழுதிக்கொண்டது:
ஒருவரோடு ஒரே உறவு.
கோடு போட்ட நோட்டு, நல்ல கையெழுத்து.
இங்கே பல் பிடுங்குகிறவர் என் வீட்டுக்காரர்.
மகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவள்
போன வருஷம் என் முன்னால் அழுதவள்.
கல்லுக்கட்டியில் கத்திரிக்காய் பொறுக்கினால்
கூடைக்கு அந்தப் பக்கம் ஒரு ரகசியம் நிற்கும்,
விலை கேட்பதா, குசலம் கேட்பதா.

செவ்வாய் ஐந்து மணி.
மினி வேன் சாவியை மேஜையில் வைப்பான்,
போனை அணைத்து அதன் பக்கத்தில்.
ரம்மியில் போனது ஒன்றே முக்கால் லட்சம்.
தங்கை வளையல் நாலும் செஞ்சையில் அடகு.
ஆடி முடிந்ததும் அபுதாபியிலிருந்து வருகிறாள்.
"இந்த மாசச் சீட்டை எடுத்தாகணும் மேடம்.
முப்பது வரைக்கும் தள்ளுவேன்.
அதுக்கு மேல போனா வளையல் வராது."

குறிப்பேட்டில் அதை எழுதவில்லை.
எழுதாததுதான் அதிகம் ஞாபகமிருக்கும்.

இந்த மாசம் எடுக்க நானும் நினைத்திருந்தேன்.
மகளுக்கு ஹாஸ்டல் பணம், கோயம்புத்தூர்,
இருபதாம் தேதி கடைசி.

பெயின்ட் கடைக்காரர் பதினெட்டு. அடைக்கலம் இருபது.
இருபத்திரண்டு. இருபத்தைந்து.
புழுங்கலரிசித் தூசிக்கு யாரோ தும்மினார்கள்.
பெயின்ட் கடை இருபத்தாறில் நின்றது.
"இருபத்தேழு" என்றான், கழுத்து வியர்க்க.
ஒருதரம்.
வயிரவன் என்னைப் பார்த்தார்:
"மேடம் கேக்கணும்னீங்களே?"
முப்பதாயிரத்து நூறு
என் நாக்கடியில் புளியங்கொட்டையாய்க் கிடந்தது.
சொன்னால் திருட்டு.
சொல்லாவிட்டால் தானம்.
அவனைத் தெரியாத ஒருத்தி என்ன செய்வாள் என்று யோசித்தேன்.
அந்த ஒருத்தியை எனக்குத் தெரியவில்லை.
ரெண்டுதரம்.
"இல்லை" என்றேன்.
மூணுதரம்.

கமிஷன் போகக் கசர்
ஆளுக்கு எண்ணூற்றைம்பது.
உள்ளங்கையில் எண்ணி வைத்தார் வயிரவன்,
அடைக்கலம் இழந்ததில் என் பங்கு.

அடுத்த செவ்வாய்
பண்ருட்டி லோடில் வந்த பலாப்பழத்தைத் தோளில் தூக்கி வந்தான்.
"எனக்காக விட்டுக் கொடுத்தீங்கன்னு தெரியும் மேடம்."
இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையில்லை.
ஆமாம் என்பதும் உண்மையில்லை.
வளையல் வந்துவிட்டதாம்.
விளையாட்டு?
"விட்டாச்சு மேடம். சத்தியமா."
போன் இந்த முறை மேஜைக்கு வரவில்லை.
முழங்கால்மேல் அவன் வலது கட்டைவிரல்
தன்பாட்டுக்குச் சீட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது.

முன்பு என்னிடம் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை அவனுக்கு.
நானூறு ரூபாய் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது.
இப்போது பட்டிருக்கிறான் ஒரு கடன்;
கடன் கொடுத்தவளிடம் போய் யார் சொல்வார்,
மறுபடி விழுந்தேன் என்று.

தேவகோட்டையில் ஒருவர் பெயரை எழுதிக் கொடுத்தேன்.
சீட்டையும் முப்பதையும் என் வாய் அடைத்ததையும்
சேர்த்தே சொன்னேன்.
கேட்டான். காகிதத்தை நாலாய் மடித்தான்.
"அப்போ நான் என்ன தப்பு செஞ்சேன் மேடம்?"

மாடி முழுக்கப் பலா மணந்தது.

இன்னும் எட்டு மாதம் இருக்கிறது சீட்டு.
ஐந்தாம் தேதிதோறும் தராசுக்கு எதிரே அவன்.
என் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி
வயிரவனிடம் கேட்க முடியாது.
ஏன் என்பார்.